பாரிஸுக்கு முன்கூட்டியே, மலை ரயிலுக்கு முந்தின நாள் மாலை

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. அருவங்காட்டில் இருக்கிறோம். என் கணவர் குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு 61 வயது, அவருக்கு 66. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரில் இருக்கும் மகள் வீட்டுக்கு மே, ஜூன் இரண்டு மாதமும் போகிறோம். விமான டிக்கெட் மட்டும் எடுத்தாயிற்று, ஃபிராங்க்ஃபர்ட் வரை. விசாவுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். மே நடுவில் சுவிட்சர்லாந்தில் இண்டர்லாக்கன் நான்கு நாள், ஜூனில் பாரிஸ் மூன்று நாள் என்று மாப்பிள்ளை திட்டம் போட்டிருக்கிறார். எல்லா ரயில் டிக்கெட்டையும் இப்போதே எடுத்துவிடலாம், மலிவு என்கிறார். பக்கத்து வீட்டில், யூரெயில் பாஸ் வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். போய்வந்த தோழி ஒருத்தி, அங்கே போய் எடுத்தால் போதும் என்கிறாள். சீசனில் நம் மேட்டுப்பாளையம் ரயிலுக்கே சீட் கிடைப்பதில்லை. மொழி தெரியாத ஊரில் சீட் இல்லாமல் நின்று தவிக்க எங்களால் முடியாது. என் கணவருக்கு சுவிட்சர்லாந்தின் பல்சக்கர ரயிலைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள டீச்சர், மூன்று பேரும் சொன்னதில் பொய் இல்லை. ஆளுக்கொரு ரயிலை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், அதுதான் குழப்பம். உங்கள் பயணத்தில் நான்கு விதமான ரயில்கள் வருகின்றன. நான்குக்கும் நான்கு விதமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த சீட் பயத்தைப் பார்த்துவிடலாம். இந்தப் பயம் நமக்கு நம் ஊர் ரயில் கற்றுக்கொடுத்தது. 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால்தான் மே மாத மலை ரயிலில் இடம். தவறினால் வெயிட்டிங் லிஸ்ட், அப்புறம் சார்ட் போடும்வரை வயிற்றில் நெருப்பு. நம் ஊரில் கட்டணம் பெரும்பாலும் மாறாது, இடம்தான் தீர்ந்துபோகும். ஐரோப்பாவின் பெரிய ரயில்களில் இது தலைகீழ். இடம் பெரும்பாலும் கடைசிவரை இருக்கும், விலைதான் ஏறிக்கொண்டே போகும். அங்கே வெயிட்டிங் லிஸ்டும் கிடையாது, ஆர்.ஏ.சி.யும் கிடையாது. ஆகவே முன்னால் எடுப்பதா, பின்னால் எடுப்பதா என்பது பெரும்பாலும் பணக் கணக்குதான். தவித்து நிற்கும் நிலைமை அநேகமாக வராது.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் விசா. உங்களுக்குத் தேவை ஷெங்கன் விசா, ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து மூன்றுக்கும் அது ஒன்றே போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சாதாரணமாக 15 நாளில் முடிவு சொல்வார்கள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். விண்ணப்பத்தோடு என்றைக்கு எந்த ஊர் என்ற பயணத் திட்டம் கேட்பார்கள். அதற்காக, பணம் திரும்பாத ரயில் டிக்கெட் வாங்கி வைக்க வேண்டியதில்லை. தூதரகங்களே அப்படி வாங்க வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. மாப்பிள்ளை கண்ணில் பட்ட மலிவு டிக்கெட்டில் பெரும்பாலானவை ரத்து செய்தால் ஒரு காசு திரும்பாதவை. விசா ஒரு வாரம் தள்ளிப்போனால் அந்த மலிவு எல்லாம் வீண். அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: விசா கைக்கு வந்த அன்று சாயங்காலமே உட்கார்ந்து எடுக்கட்டும். அதுவரை தினம் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அடுத்தது, போய் இறங்குகிற நாள். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தை ஒட்டியே தொலைதூர ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கார்ல்ஸ்ரூ வேக ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் குறிப்பிட்ட ரயிலுக்கான மலிவு டிக்கெட் எடுக்கவே கூடாது. இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 2017-ல் நம் குன்னூர் வெலிங்டனைச் சேர்ந்த ஒரு தம்பதிக்கு ரோமில் இறங்கி மூன்று மணி நேரத்தில் ஃப்ளோரன்ஸ் ரயில் போட்டுக் கொடுத்தேன். மூன்று மணி நேரம் தாராளம் என்று நினைத்தேன். விமானம் தாமதம், குடிநுழைவு வரிசை நீளம், ஒரு பெட்டி வரவில்லை. ரயில் போய்விட்டது, டிக்கெட்டும் செல்லாது. அன்றைய விலைக்குப் புதிதாக எடுத்தார்கள். தூக்கமில்லாத முகத்தோடு அந்த அம்மா எனக்கு வீடியோ கால் செய்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டாவது டிக்கெட்டின் பணத்தை என் கையிலிருந்து கொடுத்தேன். அன்றிலிருந்து விமானம் இறங்கும் நாளில் யாருக்கும் நேரம் குறித்த ரயில் டிக்கெட் போடுவதில்லை.

உங்களுக்கு இரண்டு வழி. விமான டிக்கெட்டோடு சேர்த்து 'ரயில் அண்ட் ஃப்ளை' என்று ஜெர்மன் ரயில் டிக்கெட்டைப் பல விமான நிறுவனங்கள் தருகின்றன. உங்கள் டிக்கெட்டில் அது சேர்ந்திருக்கிறதா, இனிச் சேர்க்க முடியுமா என்று எடுத்துக் கொடுத்தவரிடம் கேளுங்கள். அதில் குறிப்பிட்ட ரயில் என்று கட்டுப்பாடு இல்லை, இறங்கியபின் எது வருகிறதோ அதில் ஏறலாம். அது இல்லையென்றால் இறங்கியபின், எந்த ரயிலிலும் ஏறக்கூடிய ஃப்ளெக்ஸ்பிரைஸ் என்ற டிக்கெட்டை மகள் தன் போனில் எடுத்து அனுப்பட்டும். விலை கூடத்தான். ஆனால் பத்து மணி நேரப் பயணத்துக்குப் பிறகு கடிகாரத்தைப் பார்த்து ஓட வேண்டாம்.

இப்போது பாரிஸ். மாப்பிள்ளை சொல்வது நூற்றுக்கு நூறு பொருந்துவது இங்கேதான். கார்ல்ஸ்ரூவிலிருந்து பாரிஸுக்கு நேரடி வேக ரயில் இருக்கிறது, இரண்டரை மணி நேரம் சுமார். இந்த ரயிலின் விலை விமான டிக்கெட் மாதிரி. இரண்டு மூன்று மாதம் முன்னால் ஒருவருக்கு 40, 50 யூரோவுக்குப் பார்த்திருக்கிறேன். அதே வாரத்தில் தேடினால் 100-ஐத் தாண்டியும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர், போக வர என்றால் வித்தியாசம் நம் பணத்தில் இருபதாயிரத்தைத் தாண்டிவிடும். ஆகவே விசா வந்ததும் முதலில் எடுக்க வேண்டியது இதுதான். பாரிஸ் தேதியை உறுதி செய்துகொண்டு, ஹோட்டலும் ரயிலும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள்.

இங்கே முன்பதிவால் இன்னொரு லாபமும் உண்டு, எனக்கு விலையைவிட அது முக்கியமாகப் படுகிறது. அந்தத் தடத்தில் ஓடும் பிரெஞ்சு டிஜிவி வேக ரயில்கள் மாடி ரயில்கள். மேல்தளத்தில் சீட் விழுந்தால் குறுகலான, வளைந்த படியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். சிவப்புச் சட்டைப் போர்ட்டர் அங்கே இல்லை. உங்கள் வயதுக்காரர்கள் பலர் திரும்பிவந்து என்னிடம் சொன்ன முதல் குறை முழங்கால்தான். எடுக்கும்போதே 'கீழ்த்தளம்' என்று தேர்ந்தெடுக்க வழி இருக்கும், மாப்பிள்ளையிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். பெட்டியும் ஆளுக்கு ஒன்று, தனியாகத் தூக்கக்கூடிய கனத்தில் இருக்கட்டும். ஊறுகாய் பாட்டில்களை மகள் வீட்டில் இறக்கிவிட்டு அப்புறம் பாரிஸுக்குக் கிளம்புங்கள்.

பாரிஸிலிருந்து திரும்பும்போது ஸ்டேஷன் பெயர் பாரிஸ் எஸ்த். அந்த ஊரில் பெரிய ரயில் நிலையங்கள் ஆறேழு இருக்கின்றன, சென்னையில் எழும்பூரையும் சென்ட்ரலையும் மாற்றிக்கொண்டு ஓடும் கதைதான் அங்கேயும். ரயில் கிளம்ப இரண்டு நிமிடம் இருக்கும்போதே கதவை மூடிவிடுவார்கள், ஓடி வந்து தொற்றிக்கொள்ள முடியாது. அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். நேரம் 24 மணி முறையில் அச்சாகியிருக்கும். ஒருவர் 19 மணி ரயிலை, அதாவது இரவு ஏழு மணி ரயிலை, ஒன்பது மணி ரயில் என்று படித்து, நாள் முழுக்க நிம்மதியாக ஊர் சுற்றிவிட்டு வந்தார்.

சுவிட்சர்லாந்து வேறு மாதிரி. அந்த நாட்டுக்குள் சாதாரண டிக்கெட்டின் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. மூன்று மாதம் முன்னால் எடுத்தாலும், ரயில் வரும் ஐந்து நிமிடம் முன்னால் எடுத்தாலும் அதே விலை. முன்பே எடுத்தால் கிடைக்கும் சலுகை டிக்கெட்டுகளும் சில உண்டு, ஆனால் நாள் மாறினால் அவை உதவாது. சாதாரண ரயில்களில் சீட் பதிவும் தேவையில்லை, ஏறி உட்காரலாம். உங்கள் தோழி அநேகமாக அங்கேதான் சுற்றியிருப்பார். அந்த ஊரில் விலை அதிகம், அதனால் நீங்கள் முன்னால் வாங்க வேண்டியது ஒரு கார்டு மட்டும்: வெளிநாட்டுப் பயணிகளுக்கான அரைக்கட்டண கார்டு. ஒரு மாதம் செல்லும். ரயில், பஸ், ஏரிப் படகு, பெரும்பாலான மலை ரயில்கள் எல்லாவற்றிலும் பாதிக் கட்டணம். ஓரிடத்தில் தங்கி நான்கு நாள் மலை ஏறி இறங்குபவர்களுக்கு, நாள் கணக்கில் வாங்கும் சுவிஸ் டிராவல் பாஸைவிட இதுதான் பெரும்பாலும் லாபம். உதாரணத்துக்கு யுங்ஃபிராவ்யோக் என்ற உயரமான மலை ஸ்டேஷனுக்குப் போவதாக இருந்தால், மேல் பகுதிக்கு அந்தப் பாஸில் கால்வாசிதான் தள்ளுபடி, அரைக்கட்டண கார்டில் பாதி.

கார்ல்ஸ்ரூவிலிருந்து இண்டர்லாக்கன் போக, ஷ்பார்பிரைஸ் என்ற ஜெர்மன் ரயிலின் சலுகை டிக்கெட்டை, சுவிஸ் எல்லை ஊரான பாசல் வழியாகக் கடைசி ஊர்வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். பாசல்வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று துண்டு போட வேண்டாம், நூறு ரூபாய் மிச்சமானாலும் வேண்டாம். காரணம், ஜெர்மன் ரயில்களின் தாமதம். 2024-ல் அங்கே தொலைதூர ரயில்களில் நூற்றுக்கு 62, 63 மட்டும்தான் நேரத்துக்கு வந்தன. ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் ரயில் தாமதமாகி இணைப்பு ரயில் தவறினாலும் அடுத்ததில் போகலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் கால்வாசியும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் பாதியும் திரும்பக் கேட்க ஐரோப்பிய சட்டத்தில் இடமிருக்கிறது. தனித்தனி டிக்கெட் என்றால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஷ்பார்பிரைஸில் இரண்டு வகை. பெயருக்கு முன்னால் 'சூப்பர்' என்று இருப்பதை ரத்து செய்யவே முடியாது. வெறும் ஷ்பார்பிரைஸ் கொஞ்சம் கூட, ஆனால் பயணத்துக்கு முந்தின நாள்வரை கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். நீங்கள் இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள், அங்கே சளியோ காய்ச்சலோ வந்தால் தேதி மாறும். இரண்டாவதையே எடுங்கள். இன்னொன்று, ஜெர்மன் ரயிலில் டிக்கெட் வேறு, சீட் வேறு. டிக்கெட் இருந்தாலும் சீட் பதியாவிட்டால் நிற்க நேரலாம். நீங்கள் பயந்த அந்த நிலைமை உண்மையில் வரக்கூடிய இடம் இது ஒன்றுதான். சில யூரோ கூடுதலாகக் கொடுத்து சீட்டையும் பதிவு செய்துவிடுங்கள். மே, ஜூனில் அங்கே கிறிஸ்தவத் திருநாள்களை ஒட்டி வியாழக்கிழமை விடுமுறை, வெள்ளிக்கிழமை லீவு என்று நான்கு நாள் சேர்ந்து வரும். அந்த நாள்களில் ரயில் நம் பொங்கல் கூட்டம்போல இருக்கும். மகளிடம் காலண்டரைப் பார்த்து அந்த வாரங்களைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

இப்போது சாருடைய விஷயம். உங்கள் கடிதத்தில் கடைசி வரியில் வந்தாலும், எனக்கு முதலில் அதுதான் கண்ணில் பட்டது.

அவர் பார்க்க வேண்டிய ரயில் இண்டர்லாக்கனிலிருந்து சாதாரண ரயிலில் இருபது நிமிட தூரத்தில் இருக்கிறது. பிரியென்ஸ் என்ற ஏரிக்கரை ஊர். அங்கிருந்து ரோட்ஹார்ன் மலைக்கு 1892-ல் தொடங்கிய பல்சக்கர ரயில் ஓடுகிறது. ஏழரை கிலோமீட்டர் சுமார், மேல் ஸ்டேஷன் 2,244 மீட்டர். ஊட்டி உயரம்தான், டீச்சர். அந்தத் தண்டவாளத்தின் நடுவில் இருப்பது ஆப்ட் பல்தண்டு: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தண்டு, ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம், எந்த நொடியிலும் சக்கரத்தின் பல் ஏதாவது ஒன்றைக் கவ்விக்கொண்டிருக்கும். கல்லாறிலிருந்து குன்னூர்வரை நம் தடத்தில் கிடக்கும் அதே ஏற்பாடு. அதைக் கண்டுபிடித்த ரோமன் ஆப்ட் சுவிட்சர்லாந்துக்காரர். நம் மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் நீராவி இஞ்சின்களை 1914 முதல் செய்து அனுப்பிய, சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் ஊர்த் தொழிற்சாலைதான் பிரியென்ஸின் பழைய நீராவி இஞ்சின்களையும் செய்தது. பிற்பாடு பொன்மலையில் செய்த இஞ்சின்கள் வரும்வரை, சார் கிரீஸ் கையோடு திறந்து மூடிய பாகங்களில் பலவும் அந்த ஊர் வார்ப்பாகத்தான் இருந்திருக்கும். அங்கே இஞ்சின் பக்கத்தில் அவரைக் கொஞ்ச நேரம் தனியாக நிற்க விடுங்கள். மொழி தெரியாவிட்டாலும் அங்குள்ள டிரைவரோடு அவர் பேசிக்கொள்வார்.

இதில்தான் உங்கள் திட்டத்தை மாற்றச் சொல்கிறேன். மே நடுவில் அந்த மலையில் பனி கிடக்கும், ரயில் ஓட ஆரம்பித்திருக்காது. பொதுவாக ஜூன் வாக்கில் தொடங்கி அக்டோபர்வரை ஓடும். ஆகவே பாரிஸை மே மாதத்துக்குக் கொண்டுவந்து, சுவிட்சர்லாந்தை ஜூன் பின்பாதிக்குத் தள்ளுங்கள். அந்த வருட அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தேதி முடிவு செய்யட்டும் மாப்பிள்ளை. எல்லா டிக்கெட்டையும் இப்போதே எடுத்திருந்தால், மலிவு விலையில் மூடிய ஸ்டேஷனுக்குப் போய் நின்றிருப்பீர்கள். அந்தத் தடத்தில் டீசல் இஞ்சினும் ஓடுகிறது. எந்தப் புறப்பாடு நீராவி என்று பார்த்து எடுக்க வேண்டும்.

ரோட்ஹார்ன் டிக்கெட்டை வாரக்கணக்கில் முன்னால் எடுக்காதீர்கள். காரணத்தை நீலகிரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காலையில் அருவங்காட்டில் வெயில் அடிக்கும், தொட்டபெட்டா ஏறினால் டெலஸ்கோப் ஹவுஸே கண்ணுக்குத் தெரியாது. வெளியூர்க்காரர்கள் டிக்கெட் எடுத்தாயிற்றே என்று மேலே போய் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். அங்கேயும் அதேதான், செலவு மட்டும் பல மடங்கு. நான்கு நாளில் எந்த நாள் தெளிவு என்பதை முந்தின நாள் மாலை வானிலை பார்த்து முடிவு செய்து, அன்று இரவே அடுத்த நாள் நீராவி ரயிலுக்கு இடம் பதிவு செய்யுங்கள். மலை உச்சிகளில் கேமரா வைத்து நேரலையாகக் காட்டுகிறார்கள், காலையில் எழுந்ததும் போனில் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். மூடியிருந்தால் அன்றைக்கு ஏரிப் படகு. அரைக்கட்டண கார்டு அதற்கும் செல்லும்.

பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே பாஸான யூரெயில் பற்றி: உங்களுக்கு வேண்டாம். நாலைந்து நாடு, வாரத்துக்கு மூன்று நீண்ட பயணம் என்று அலைபவர்களுக்கு அது நல்லது, அறுபது வயதுக்கு மேல் பத்து சதவீதத் தள்ளுபடியும் உண்டு. ஆனால் பாரிஸ் ரயிலில் பாஸ் வைத்திருந்தாலும் சீட்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும், அதுவும் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கிய சீட் தீர்ந்தால் இல்லை. இரண்டே நீண்ட பயணத்துக்கு இது கட்டுப்படியாகாது. மகளோடு சேர்ந்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அங்கே குடியிருப்பவர்களுக்கு யூரெயில் கிடையாது, இன்டர்ரெயில் என்ற வேறு பாஸ்.

கார்ல்ஸ்ரூவைச் சுற்றி டிராம், உள்ளூர் ரயில் இதெல்லாம் அன்றன்றைக்குத்தான். இரண்டு மாதம் இருப்பதால் 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' என்ற மாதச் சந்தாவை மகளிடம் விசாரியுங்கள். 2023-ல் 49 யூரோவுக்குத் தொடங்கியது, பிறகு விலை ஏறிவிட்டது. ஆனாலும் ஜெர்மனி முழுக்க உள்ளூர் பஸ், டிராம், வட்டார ரயில் எல்லாம் அதில் அடக்கம். தொலைதூர ரயில்களில் மட்டும் செல்லாது. சந்தா என்பதால் ஊருக்குக் கிளம்பும் முன் சரியான தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். நீங்கள் வந்தபிறகும் மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கக் கூடாது.

கடைசியாகப் பெயர். டிக்கெட் எடுக்கும்போது நம்மவர்கள் தடுமாறுவது இந்த இனிஷியலில்தான். ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ விரிந்து வேறு மாதிரி இருக்கும். மாப்பிள்ளை உங்களை அழைக்கும் பெயரில் எடுத்துவிடப் போகிறார். இருவருடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், அதில் உள்ள எழுத்து அப்படியே டிக்கெட்டில் வரட்டும். டிக்கெட் மகளின் போனில் மட்டும் இருந்தால் போதாது, சாருடைய போனிலும் இருக்கட்டும், தாளிலும் ஒரு பிரதி எடுங்கள். மடிக்கும்போது அந்தக் கட்டம் கட்டமான கோடுகள் மேல் மடிப்பு விழாமல் மடியுங்கள். பரிசோதகர் அதைத்தான் ஸ்கேன் செய்வார்.

விசா வந்ததும் தேதிகளோடு ஒரு வரி எழுதுங்கள். ரோட்ஹார்ன் நீராவிப் புறப்பாட்டு நேரங்களைப் பார்த்துச் சொல்கிறேன்.